வெண்டைக்காய் அச்சை ஒண்ணாங்கிளாஸ் நோட்டோட நிறுத்திடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் ஒட்டன்சத்திரத்துல இருந்து எழுதுறேன். வீட்டுலயே மெஷின் போட்டு பிளவுஸ், பாவாடை, ஸ்கூல் யூனிஃபார்ம்னு தைக்கிறவ, வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்டுல ஒரு கமிஷன் கடையில கணக்கு எழுதுறாரு. உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல பண்டிகைக்கு வீட்டை எப்படி அலங்கரிக்கலாம்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் அழகா இருந்துச்சு, ஆனா அதுல இருந்த தோரணம், குஷன் கவர், டேபிள் விரிப்பு, சீர்த்தட்டு மூடுற துணி அத்தனையும் கடையில வாங்குறது, பக்கத்துலயே விலையும் போட்டிருந்துச்சு. வீட்டுலயே செஞ்சுக்கலாம்னு ஒரு வரி கூட இல்ல. அதப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நீளமா போச்சுன்னா எங்க வேணா வெட்டிக்கங்க, செய்முறை வர்ற இடத்த மட்டும் வெட்டிடாதீங்க.

நம்ம பக்கம் பள்ளிக்கூடம் போன யார வேணா கேட்டுப் பாருங்க, ஒண்ணாங்கிளாஸ்லயோ ரெண்டாங்கிளாஸ்லயோ வெண்டைக்காய குறுக்க நறுக்கி வாட்டர் கலர்ல தொட்டு டிராயிங் நோட்டுல குத்துனது ஞாபகம் இருக்குன்னு சொல்லுவாங்க. அஞ்சு இதழ் பூ மாதிரி விழும், கீழ பச்சை ஸ்கெட்ச்ல ஒரு காம்பு இழுத்தா பூச்செடி ஆயிடும், டீச்சர் ஒரு ஸ்டார் போடுவாங்க, அவ்ளோதான். மூணாங்கிளாஸ் போனதும் அது சின்னப் புள்ளைங்க வேலைன்னு ஆயிடுது. எனக்கு 38 வயசாகுது, நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். அதே வெண்டைக்காய் ஒரு முழு மேசை விரிப்ப நிரப்பும், தொவச்சாலும் நிக்கும், பொங்கச் சீரோட வெச்சுக் குடுக்குற அளவுக்கு வரும்னு என் மக ஆறாவது படிக்கிறப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

அரையாண்டு பரீட்சை லீவு அது. லீவு தொடங்குறப்பவே கிறிஸ்துமஸ், லீவு முடிஞ்சு ரெண்டு வாரத்துல பொங்கல், புள்ளைங்க வீட்டுல சும்மா கெடக்குற நாளு. எனக்கோ பண்டிகை நேரத்துல தையலுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. புள்ள போனையே பாத்துட்டு இருக்கேன்னு ஒரு காடாத் துணி மீந்தத எடுத்துக் குடுத்து இதுல ஏதாச்சும் வரைடின்னு சொன்னேன். அவ அடுக்களைக்குப் போயி அவங்க அப்பா கொண்டாந்து போட்டிருந்த முத்தல் வெண்டைக்காய எடுத்துட்டு வந்தா, எங்கிட்ட பிளவுஸ்ல டிசைன் போட வாங்குன ஃபேப்ரிக் பெயிண்ட் மெரூன் கலர்ல ஒரு பாட்டில் இருந்துச்சு, அதத் தட்டுல ஊத்தி குத்த ஆரம்பிச்சிட்டா. மொத பத்து அச்சு அப்பிப் போச்சு. பதினொண்ணாவது அச்சு விழுந்தப்ப நான் மெஷின நிறுத்திட்டு எந்திரிச்சு போயி பாத்தேன், ஏன்னா பூவோட ஒவ்வொரு அறையும், உள்ள இருந்த விதை எடமும் கூட தனித்தனியா தெரிஞ்சுது. பத்து அச்சுல தட்டுல இருந்த பெயிண்ட் கொறஞ்சதுதான் காரணம்னு அப்புறமாதான் வெளங்குச்சு.

அதுல இருந்து இந்த ரெண்டு வருஷத்துல செஞ்சு செஞ்சு கெடுத்து கத்துக்கிட்டத அப்படியே சொல்றேன்.

துணி பருத்தியா இருக்கணும், கடையில இருந்து வந்த துணிய கண்டிப்பா ஒரு தடவை சோப்புப் போட்டு அலசி கஞ்சி போக்கிட்டுதான் தொடணும், இல்லைன்னா பெயிண்ட் கஞ்சி மேலயே உக்காந்துட்டு மொத தொவையல்லயே உரிஞ்சிட்டு வந்துரும். அலசுறப்பவே சுருங்கிக்கிறதுனால அளவெடுத்து வெட்டுறது அதுக்கப்புறம்தான், இது தையக்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல, மத்தவங்களுக்கு சொல்றேன். எல்லாத்துலயும் நல்ல துணி எதுன்னா பழைய வேட்டி. வருஷக்கணக்கா தொவச்சு தொவச்சு மெதுவானதுல அச்சு விழுற அழகே வேற, ஒரு பொட்டு கூட ஒதுங்காது. எங்க மாமனார் வேட்டி ரெண்டு அப்படித்தான் பூசை அறை திரைச்சீலை ஆயிருக்கு.

விரிப்பு ரொம்ப முக்கியம். வெறும் தரையிலயோ கட்டை மேசையிலயோ துணிய விரிச்சு குத்துனா நடுவுல பிடிக்கும், ஓரம் பிடிக்காது. கீழ பழைய போர்வைய நாலா மடிச்சுப் போட்டு அதுமேல நியூஸ்பேப்பர் போட்டு அப்புறம் துணிய விரிங்க, அந்த மெத்துதான் காயோட எல்லா எடத்தையும் துணில ஒட்ட வெக்குது. மரக்கட்டை அச்சு வேலை செய்யுற பட்டறைங்கள்லயும் மேசை மேல பல அடுக்கு சாக்கும் துணியும் போட்டுத்தான் வெச்சிருப்பாங்க, நாம ஏதோ புதுசா கண்டுபிடிக்கல.

பெயிண்ட்ல காய முக்கவே கூடாதுங்க. பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச் புதுசா ஒண்ண தண்ணில நனைச்சு ஒட்டப் புழிஞ்சு தட்டுல வெச்சு, அதுமேல கொஞ்சம் பெயிண்ட் ஊத்தி கரண்டியால தடவிக்கங்க, காய அதுல தட்டித் தட்டி எடுத்துட்டு துணில நேரா வெச்சு உள்ளங்கையால அழுத்தி நேரா தூக்கணும். இழுத்தீங்கன்னா போச்சு. வெட்டுன காய் எல்லாமே தண்ணி விடும், அதனால நறுக்கின ஒடனே பழைய துணி மேல வெட்டுன பக்கம் கீழ வெச்சு அரை மணி நேரம் கவுத்துப் போட்டுருங்க, வெண்டைக்காயோட கொழகொழப்பும் அதுல பாதி போயிரும்.

ஒவ்வொரு காய்க்கும் ஒரு குணம் இருக்கு. வெண்டைக்கு இளசு ஆகாது, முத்தலா இருக்கணும், சமைக்க ஆகாதுன்னு ஒதுக்குறதுதான் இதுக்கு வேணும். பாகற்காய குறுக்க வெட்டி விதைய நோண்டி எடுத்துட்டா முள்ளு முள்ளா ஓரம் வெச்ச வளையம் கெடைக்கும், சீர்த்தட்டுத் துணிக்கு பார்டர் அடிக்க அதுக்கு மிஞ்சினது இல்ல. வெங்காயம் பாதியா வெட்டுனா வட்டத்துக்குள்ள வட்டம், ஆனா அடுக்கு நழுவும், ஒரு டூத்பிக்க குறுக்க குத்தி வெச்சுக்கணும். வாழை மட்டைய குறுக்க வெட்டிப் பாருங்க, உள்ள தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருக்கும், அதுவும் எலைக் காம்புப் பக்கம் வெட்டுனா பிறை மாதிரி வரும், அத ஒண்ணு மேல ஒண்ணு வரிசையா அடிச்சா மீன் செதில் மாதிரி அள்ளிட்டுப் போகும். ஆனா வாழைக்கறை துணில பட்டா ஜென்மத்துக்கும் போகாது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதனால வெட்டுன மட்டைய நல்லா தண்ணில அலசி தொடச்சிட்டுத்தான் துணி பக்கமே கொண்டு போகணும். முட்டைக்கோஸ காம்போட சேத்து மேலிருந்து கீழா ரெண்டா பொளந்தா நடுத்தண்டும் கிளையும் எலையுமா ஒரு மரமே உள்ள இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்டியன், அவங்க வீட்டு கிறிஸ்துமஸுக்கு பச்சைக் கலர்ல முட்டைக்கோஸ் மரமும் அதுமேல கேரட் நுனில செதுக்குன நட்சத்திரமுமா ஒரு மேசை விரிப்பு என் மகளும் அவங்க மகனும் சேந்து அடிச்சாங்க, அன்னைக்கு கேக் வெச்ச மேசையில அதுதான் விரிச்சிருந்துச்சு, வந்த ஜனம் மொத்தமும் கேக்க விட்டுட்டு துணியத் தடவிப் பாத்துச்சு. ஒவ்வொரு முட்டைக்கோஸும் வேற வேற மரம், ஒண்ணு மாதிரி ஒண்ணு வரவே வராது.

இதெல்லாம் காயே குடுக்குற டிசைன். நாம நெனச்சத செதுக்கணும்னா உருளைக்கிழங்கும் கேரட்டும்தான். கிழங்க ஒரே வெட்டுல சமமா வெட்டணும், கத்திய ரெண்டு தடவை வெச்சா மேடு பள்ளம் ஆயி பாதி அச்சு விழாது. பால் பாயிண்ட் பேனாவால மேல வரைஞ்சுக்கிட்டு, கோட்டுக்கு வெளிய இருக்கிறத ஒரு கால் அங்குலமாவது ஆழமா எடுத்துரணும், ஆழம் பத்தலைன்னா வேண்டாத எடத்துலயும் பெயிண்ட் ஒட்டிக்கும். பின்பக்கம் ரெண்டு சைடும் சீவி விட்டா பிடிக்க தோதா கைப்பிடி மாதிரி வந்துரும். புள்ளி போட பழைய பேனாக் குழாய குத்தி எடுத்தா அழகான ஓட்டை. என் மக இப்ப கரும்பு, பானை, சூரியன், மாட்டுக் கொம்பு எல்லாம் செதுக்குறா. பொங்க சமயத்துல சர்க்கரைவள்ளிக் கிழங்கு நெறைய வரும்ல, அது உருளைய விட கெட்டி, மெல்லிசு கோடு கூட உடையாம நிக்கும். ஜப்பான்ல புது வருஷத்துக்கு அனுப்புற வாழ்த்து அட்டையில கிழங்க செதுக்கி அச்சு வெக்கிற பழக்கம் இருக்குதாம், அங்க சின்னப் புள்ளைங்க மட்டும் இல்ல, பெரியவங்களும் செய்யுறாங்க. செதுக்குன கிழங்கு ஒரு நாளு, மிஞ்சிப் போனா ரெண்டு நாளு, பச்சத் தண்ணில போட்டு ஃப்ரிட்ஜுல வெச்சா அதுவரைக்கும் தாங்கும், அப்புறம் கொழகொழன்னு ஆயிரும். அதனால செதுக்குன அன்னைக்கே அச்சடிச்சு முடிச்சிரணும், நாளைக்குப் பாத்துக்கலாம்ங்கிற பேச்சே கெடையாது.

மொத வருஷ பொங்கலுக்கு ஒரு பெரிய தப்பு நடந்துச்சு, அதையும் சொல்லிடுறேன், யாரும் அதச் செஞ்சு துணிய வீணாக்கக் கூடாது. பொங்கல்னு எழுத்த செதுக்கணும்னு புள்ளைக்கு ஆசை. ஒரு பெரிய கிழங்க எடுத்து ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து, கொம்பு, ப, கால், ங், க, ல்னு எழுத்து எழுத்தா, புள்ளி கூட விடாம செதுக்குனா. பேனாவுல எழுதுற மாதிரியே எழுதி செதுக்கிட்டா. துணில அடிச்சா எல்லாம் கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பி விழுந்துச்சு. இதுல என்னன்னா ப திரும்புனாலும் ப தான், அதனால மொதல்ல எங்க ரெண்டு பேருக்குமே தப்பு எங்கன்னு பிடிபடல, ங் தலைகீழா நிக்கிற மாதிரி இருக்கேன்னு பாத்தப்பதான் கால் முன்னாடியும் கொம்பு பின்னாடியும் இருக்கிறதே கண்ணுல பட்டுச்சு. புள்ள அழுதுட்டா. நாலு துண்டு அதே மாதிரி அடிச்சு முடிச்சிருந்தோம். அப்புறம் பட்டர் பேப்பர்ல எழுதி, அத திருப்பிப் போட்டு கிழங்கு மேல வெச்சு பேனாவால அழுத்தி கோடு எடுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு கிழங்குன்னு தனித்தனியா செதுக்குனா, செதுக்குனத மொகம் பாக்குற கண்ணாடி முன்னாடி காட்டி சரியா படிக்க முடியுதான்னு பாத்துட்டுத்தான் பெயிண்ட்ல வெச்சா. அந்தப் பழக்கம் இன்னைக்கும் எங்க வீட்டுல இருக்கு, எந்த அச்சு செதுக்குனாலும் மொதல்ல கண்ணாடிக்குப் போகும்.

அச்ச எங்க எங்க வெக்கிறதுங்கிறதுக்கு நான் டெய்லர் சாக்பீஸால கோடு போட்டு அங்குலம் அளந்து குறிச்சுக் குடுத்தேன். அவ அது வேணாம்மா, கோலப்புள்ளி மாதிரி வெச்சுக்குறேன்னு நேர்ப்புள்ளி வரிசை ஒண்ணு, அதுக்கு அடுத்த வரிசை ஊடுபுள்ளின்னு வெச்சுட்டே போயிட்டா, கடையில வாங்குற துணில பூ மாத்தி மாத்தி விழுந்திருக்குமே அதே அமைப்பு, ஒரு நிமிஷத்துல வந்துருச்சு. வாசல்ல கோலம் போடுற புள்ளைங்களுக்கு இது கத்துக் குடுக்கவே வேண்டியதில்லங்க, கையிலயே இருக்கு.

அடிச்ச துணிய நெழல்ல ஒரு நாள் முழுக்க காய வெச்சு, மறுநாள் துணியத் திருப்பிப் போட்டு பின்பக்கம் நல்ல சூட்டுல அயர்ன் பாக்ஸ் வெக்கணும், தண்ணி தெளிக்கக் கூடாது, ஒவ்வொரு எடத்துக்கும் மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் மெல்ல நகத்தி நகத்தி. அதுக்கப்புறம் மூணு நாள் கழிச்சுத்தான் தண்ணில போடணும். இது ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, சொந்தத்துல ஒரு வளைகாப்புக்கு 12 தாம்பூலப் பை அவசரமா அடிச்சு, நேரமில்லாம அயர்ன் பண்ணாமலே குடுத்துட்டேன், ஈரத் தேங்காய உள்ள வெச்சதுல ஒரு பையோட செவப்பு எங்க நாத்தனார் பட்டுப்புடவையில ஏறிருச்சு. அந்தப் புடவைய நெனச்சா இன்னைக்கும் எனக்கு வருத்தமா இருக்கு.

சரி, இவ்ளோ பாடுபட்டு எதுக்கு, நூறு ரூபாய்க்கு பிரிண்ட் துணி கெடைக்குதேன்னு கேப்பாங்க. போன தீபாவளிக்கு முன்ன ஒரு கண்காட்சில கையால அச்சடிச்ச மேசை விரிப்புன்னு சொல்லி நல்ல விலை வெச்சு வித்துட்டு இருந்தாங்க, நான் வாங்கலாம்னு பர்ச எடுத்துட்டேன். என் மக துணிய ரெண்டு பக்கமும் பொரட்டிப் பாத்துட்டு என் காதுல சொன்னா, "அம்மா ஒரு பூ கூட கோணல் ஆகல, ஒண்ணுல கூட மை கம்மியா இல்ல, ஒரு அச்சும் இன்னொரு அச்சும் சேர்ற எடமே தெரியல, இது கையால அடிச்சதா இருக்காதும்மா." நானும் உத்துப் பாத்தேன், அவ சொன்னது சரி, மெஷின்ல ஓட்டுன துணி. கையால அடிச்சா ஒரு பூவுக்கு மை கொஞ்சம் தூக்கலா இருக்கும், அடுத்ததுக்கு கொஞ்சம் மங்கும், சேர்ற எடத்துல ஒரு மயிரிழை ஏறியோ எறங்கியோ நிக்கும். பதினோரு வயசு புள்ளைக்கு அந்தக் கண்ணு எப்படி வந்துச்சு, கிழங்குல அடிச்சு அடிச்சு வந்துச்சு. நெசமாவே கையால செய்யுறவங்களோட துணிய அவ இனிமே பேரம் பேச மாட்டா, ஒரு துண்டுக்கு எத்தன தடவை கை தூக்கி எறக்கணும்னு அவளுக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் அவளுக்கு துணின்னாலே ஒரு கேள்வி. எங்களுக்குப் பக்கத்துல சின்னாளபட்டி, சுங்குடிச் சேலைக்குப் பேர் போன ஊரு, மதுரையில சௌராஷ்டிரக்காரங்க நூலால முடிச்சுப் போட்டு சாயத்துல முக்கி புள்ளி எடுத்தது சுங்குடி, இப்ப மரக்கட்டை அச்சுல மெழுகு தொட்டு வெச்சு சாயம் போடுறதும் நடக்குது. ஒரு நாள் அத எல்லாம் கூட்டிட்டுப் போயி காட்டுனேன். கும்பகோணம் பக்கம் கருப்பூர் கலம்காரி இருக்கு, துணில கையால வரைஞ்சு சாயம் ஏத்துற வேலை அது, 2021ல புவிசார் குறியீடு கெடச்சுது. நம்ம சோழமண்டலக் கரையில இருந்து கப்பல் கப்பலா போன சாயத்துணி மேல வெள்ளக்காரங்களுக்கு எவ்ளோ மோகம்னா, அவங்க ஊர் நெசவாளிங்க பொழப்பு போகுதுன்னு 1686ல பிரான்ஸ்காரன் தடை போட்டான், 1721ல இங்கிலாந்துக்காரன் அச்சுத்துணி உடுத்தவே கூடாதுன்னு சட்டம் போட்டான். அந்தத் துணியில வர்ற செவப்புக்கு சாயவேருன்னு ஒண்ணு, நம்ம இம்பூறல் செடியோட வேருதான். இத பாடப்புத்தகத்துல ஒரு வரியா படிச்சா மண்டையில நிக்காது, கையில கறை பட்டிருக்கிற புள்ளைகிட்ட சொல்லிப் பாருங்க, அப்படியே பிடிச்சுக்கும்.

அவளாதான் கேட்டா, அந்தக் காலத்துல பாட்டில் பெயிண்ட் ஏதும்மா, எதுல அடிச்சாங்கன்னு. அதுக்காக போன வருஷம் கார்த்திகையில ஒரு வேலை செஞ்சோம், இத கொஞ்சம் விரிவா சொல்றேன். ஒரு மண்பானையில துருப்பிடிச்ச ஆணி, பழைய லாடம், கருப்பட்டி, தண்ணி போட்டு வாயில துணி கட்டி கொல்லையில ஒரு மூலையில வெச்சிட்டோம். நாலாம் நாள் நுரை கட்டுச்சு, அப்புறம் ஒரு புளிச்ச வாடை, வீட்டுல என்னமோ காய்ச்சுறாங்கன்னு ஊரு நெனச்சிரப் போகுதுன்னு எங்க அத்தை பயந்தாங்க. மூணு வாரம் கழிச்சு வடிகட்டுனா டீத்தண்ணி மாதிரி இருந்துச்சு. இன்னொரு பக்கம், நாட்டு மருந்துக் கடையில கடுக்காய்ப் பொடி வாங்கி தண்ணில கரைச்சு எருமைப் பால் கொஞ்சம் கலந்து துணிய அதுல ஊற வெச்சு காயப் போட்டோம், பால்ல இருக்கிற கொழுப்புதான் மை பரவாம பிடிக்குது, கலம்காரிக்காரங்க செய்யுறதும் இதேதான். துணி லேசா மஞ்சள் பாரிச்சு வெரப்பா ஆச்சு. இரும்புத் தண்ணி சும்மா ஊத்துனா ஓடும்ல, அதனால புளியங்கொட்டைப் பொடிய போட்டுக் காய்ச்சி கூழ் பதத்துக்கு எறக்கிக்கிட்டோம். அப்புறம் அந்தக் கூழ்ல கிழங்கு அச்ச தட்டி மஞ்சத்துணில வெச்சா, எடுக்குறப்ப ஒண்ணுமே பெருசா தெரியல, ஈரமா ஒரு சாம்பல் நெழல். புள்ள மொகம் சுருங்கிருச்சு. அவ கண்ணு முன்னாலயே அந்த நெழல் ஓரத்துல இருந்து கறுக்க ஆரம்பிச்சுது, சாம்பல் ஊதா மாதிரி ஆகி, அப்புறம் மை வெச்ச கண்ணு மாதிரி கன்னங்கரேல்னு நின்னுச்சு. நான் பக்கத்துல அடுத்த அச்ச வெக்கக்கூட தோணாம பாத்துட்டே இருந்தேன். கடுக்காயில இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்றப்ப கறுப்பாகுது, இதுதான் விஷயம், வேற ரகசியம் இல்ல. தொவச்சா அசையல. ஆனா இரும்பு நாளாக நாளாக நூல அரிக்கும், அதனால பெரிய பெரிய எடமா அடிக்காம கோடும் புள்ளியுமா மட்டும் அடிங்க.

இன்னொண்ணும் சொல்லணும். ஆப்பிரிக்காவுல கானா நாட்டுல குமாசி ஊருக்குப் பக்கம் ந்டோன்சோன்னு ஒரு ஊரு, அங்க அடிங்க்ரான்னு ஒரு துணி செய்யுறாங்க, அதுக்கு அச்சு எதுல தெரியுமா, காஞ்ச சுரைக்குடுக்கை ஓட்டுல. மரப்பட்டைய இடிச்சு காய்ச்சி கெட்டியாக்குன மை, துணில கோடு போட்டு கட்டம் பிரிச்சுக்கிட்டு, குடுக்கை ஓட்டுல செதுக்குன அச்ச ஒண்ணொண்ணா வெக்கிறாங்க, ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு அர்த்தம், ஒரு பழமொழி. முன்ன துக்க வீட்டுக்கு உடுத்துறது, இப்ப விசேஷத்துக்கும் உடுத்துறாங்க. பௌடிச்னு ஒரு ஆங்கிலேயர் 1817ல அங்க போனப்ப வாங்குன துணி இன்னைக்கும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. என் மக இத போன்ல பாத்துட்டு அவங்க அப்பத்தா ஊர்ல பரண்ல கெடந்த சுரைக்குடுக்கைய கேட்டு வாங்கிட்டு வந்து, ஒடஞ்ச ஒரு ஓட்டுல ஒரு மாங்கா டிசைன் செதுக்கியிருக்கா. ஓடு வளைவா இருக்கிறதுனால ஒரே அழுத்தா அழுத்தக் கூடாது, தொட்டில் ஆட்டுற மாதிரி ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு உருட்டணும். கிழங்கு ரெண்டு நாள்ல போயிரும், இந்த ஓடு போன தைக்கு செஞ்சது, இன்னும் அப்படியே இருக்கு.

எங்க அத்தை, அதான் என் மகளோட அப்பத்தா, மொதல்ல திட்டுனாங்க, "ஏத்தா, திங்கிற பண்டத்துல வெளையாடலாமா, பசிக்கிறவன் எத்தன பேரு இருக்கான்" அப்படின்னாங்க. அவங்க சொன்னது ஞாயம்தான், அத நான் லேசா எடுத்துக்கல. அன்னைல இருந்து எங்க வீட்டுல நல்ல காயத் தொடுறதில்ல. இங்க மார்க்கெட்டுல இருந்துதான் கேரளாவுக்கு லாரி லாரியா காய் போகுது, தரம் பிரிக்கிறப்ப முத்துனது, வெடிச்சது, கோணலானதுன்னு ஓரமா ஒதுக்கிக் கொட்டுறது கொஞ்ச நஞ்சமில்ல. வெயில் பட்டு பச்சை படிஞ்ச உருளைக்கிழங்கு சாப்பிடவே கூடாது, ஒடம்புக்கு ஆகாது, அது அச்சுக்கு அருமையா வரும். எல்லா ஊர்லயும் காய்க்கடைக்காரர்கிட்ட கேட்டா சாயங்காலம் சும்மாவே குடுப்பாரு. செதுக்கி விழுற நல்ல துண்ட பெயிண்ட் தொடுறதுக்கு முன்னாலயே தனியா எடுத்து மாட்டுக்குப் போடலாம், பச்சை படிஞ்ச கிழங்க மட்டும் அதுக்கும் போடாதீங்க. பெயிண்ட் பட்ட காய எந்தக் காரணத்தக் கொண்டும் மாட்டுக்கோ ஆட்டுக்கோ போட்டுராதீங்க, குப்பையிலயும் அதுங்க வாய்க்கு எட்டாம கட்டிப் போடுங்க. இத தயவு செஞ்சு கொட்டை எழுத்துல போடுங்க.

கத்தி விஷயமும் கேப்பாங்க. எட்டு வயசுக்குக் கீழ இருக்கிற புள்ளைங்க செதுக்க வேணாம், வெண்டைக்காயும் பாகற்காயும் பெரியவங்க வெட்டிக் குடுத்தா அவங்க குத்துனா போதும், பாட்டில் மூடி, பழைய வளையல் இத கிழங்குல அழுத்தி வட்டம் எடுக்கலாம். பத்து வயசுக்கு மேல நாம பக்கத்துல உக்காந்துக்கிட்டு சின்னக் கத்தியக் குடுக்கலாம், கிழங்க கையில பிடிக்காம பலகையில வெச்சு, கத்தி தன்னப் பாத்து வராம வெளிப்பக்கம் போற மாதிரி.

இப்ப நான் கேக்குறது இதுதாங்க. உங்க சிறுவர் பக்கத்துல டிசம்பர் மொத வாரத்துல இருந்து பொங்கல் வரைக்கும் வாரம் ஒரு காய் போடுங்க, வெண்டை ஒரு வாரம், பாகல் ஒரு வாரம், கிழங்கு செதுக்குறது ரெண்டு வாரம், துணிய காய வெச்சு அயர்ன் பண்றது வரைக்கும் படத்தோட. காகிதத்துல செய்யச் சொல்லாதீங்க, துணில செய்யச் சொல்லுங்க, காகிதம் ரெண்டு மாசத்துல எடைக்குப் போயிரும், துணி அடுத்த பண்டிகைக்கும் பெட்டியில இருந்து வெளிய வரும். டிராயிங் டீச்சருங்க உங்க பேப்பர படிக்கிறாங்க, அவங்ககிட்டயும் சொல்றேன், ஒண்ணாங்கிளாஸ்ல ஆரம்பிச்சத ஆறாவது ஏழாவதுலயும் தொடருங்க, ஒரு புள்ளைக்கு ஒரு முழம் காடாத் துணி போதும், பெயிண்ட் ஒரு பாட்டில் வாங்குனா ஒரு கிளாஸே தொட்டு அடிக்கலாம். 2021 டிசம்பர்ல அரசாங்கம் மீண்டும் மஞ்சப்பைன்னு தொடங்குச்சு, நல்ல காரியம், ஆனா வீட்டுக்கு வர்ற மஞ்சப்பை எல்லாத்துலயும் கடைப் பேருதான் இருக்கு. பேரு போடாத மஞ்சப்பைய வாங்கி பொங்கச் சீருக்கு நம்ம புள்ளைங்க கையால கரும்பும் பானையும் அடிச்சுக் குடுத்தா எப்படி இருக்கும். மஞ்சத் துணில வெளிர் கலர் எடுபடாது, மெரூன், அடர் பச்சை, கறுப்பு இதுங்கதான் நிக்கும், அதையும் சேத்துப் போட்டுருங்க.

இந்தக் கடிதத்தோட ஒரு கைக்குட்டை மடிச்சு வெச்சிருக்கேன். நாலு ஓரத்துலயும் இருக்கிறது பாகற்காய், நடுவுல ஊடுபுள்ளி வெச்சது வெண்டைக்காய், மூலையில இருக்கிற சின்ன சூரியன் கேரட், என் மக செதுக்குனது. நேத்துதான் அயர்ன் பண்ணுனோம், உங்க கைக்கு வந்து சேர மூணு நாள் ஆயிரும்னு நெனைக்கிறேன், ஒருவேளை அதுக்கு முன்னாலயே வந்துருச்சுன்னா தண்ணில மட்டும் நனைச்சிடாதீங்க.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.